ஜீப் ஆசைக்குச் சில கணக்குகள்

தார், குர்கா, ஃபார்ச்சூனர் என்று வாங்க நினைக்கும் சேலம், நாமக்கல் குடும்பங்களுக்கு:

1. ஷோரூம் விலையை நம்பிக் கடனுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 20. அதாவது 19.90 லட்ச வண்டிக்கு வரி சுமார் 3.58 லட்சம், 20.10 லட்ச வண்டிக்கு 4.02 லட்சம். விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் நாற்பத்து நாலாயிரம் கூடுகிறது! எல்லைக்கோட்டில் நிற்கும் மாடல் என்றால் ஒரு படி கீழே இறங்குவதே லாபம்.

2. விலை 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பணம்தான். வருமான வரிக் கணக்கில் மறக்காமல் காட்டுங்கள்.

3. ஃபோர் வீல் டிரைவ் நிஜமாகவே வேண்டுமா? ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் கொல்லிமலையின் 70 வளைவும் தார் ரோடுதான். டூ வீல் வண்டியே தாராளமாக ஏறும். மழைக்காலத்திலும் சேற்று வழியாகத் தோட்டத்துக்குப் போயே ஆகவேண்டியவர்களுக்கு மட்டும் அந்தச் செலவு தகும். ஜிஎஸ்டியிலும் வித்தியாசம் வரலாம்: 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள் 1500 சிசிக்கு மேற்படாத டீசல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பெரிய வண்டிக்கு 40. மூன்று கதவுத் தாரிலேயே 1.5 டீசல் டூ வீல் முதல் கணக்கில் வரும், 2.2 டீசல் ஃபோர் வீல் இரண்டாவதில்.

4. ஃபோர் வீல் வாங்கிவிட்டீர்களா? காய்ந்த தார் ரோட்டில் 4H போட்டுத் திருப்பாதீர்கள். கியர்பெட்டிச் செலவு கையைக் கடிக்கும்.

5. மலை இறங்கும்போது நாமக்கல் லாரிக்காரர் சொல்வதைக் கேளுங்கள்: ஏறிய கியரிலேயே இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அடிவாரத்தில் கருகிய வாடை வரும், அடுத்த சர்வீஸில் பில் வரும்.

6. டீசலுக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். 1,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 11 கிடைத்து, விலை 92 ரூபாய் என்று வைத்தால் சுமார் 8,400. கடைத்தெருவுக்கு மட்டுமே ஓடும் பிஎஸ்6 டீசலில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நாலுவழிச் சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

7. டயர் வாங்கும்போது ஐந்தாகவே கணக்கிடுங்கள். ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்தால் சீராகத் தேயும். வேலிமுள் பக்கவாட்டில் குத்தினால் பஞ்சர் போட்டு ஓட்டாதீர்கள், டயரையே மாற்றுங்கள். நம் ஊரில் லாரி டயருக்கு ரீட்ரெட் பட்டறை நிறைய. ஜீப் டயரை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

8. கோழிப்பண்ணைக்குப் போய்வரும் வண்டியா? தீவனத் தூசியும் இறகுத் துணுக்கும் ஏர் ஃபில்டரில் அப்பிக்கொள்ளும். புத்தகத்தில் போட்ட கெடுவரை காத்திருக்காமல் கழற்றிப் பாருங்கள். காற்றடிப்பதானால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக.

9. புல் பார், பெரிய டயர், தூக்கிய சஸ்பென்ஷன்: மாட்டவும் செலவு, அபராதமும் செலவு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

10. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கு, சொந்தக் காருக்கு ஆண்டு ஃபாஸ்டேக் பாஸ் உண்டு; 2025-ல் அதன் விலை 3,000 ரூபாயாக இருந்தது. 200 முறை அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை. ராசாம்பாளையம் சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் அதை வாங்குமுன் உள்ளூர் மாதப் பாஸ் எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.