அத்தைக்கு ஒரு ஷட்டவுன்

'மாதாந்திர பராமரிப்புப் பணி காரணமாக காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை.' இந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத் திட்டாத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. முன்னாடி நானும் திட்டுவேன். இரண்டாம் வருஷம் எங்க சார் ஒருத்தர் கிளாஸில் சொன்னார்: "நீயா நாள் குறிச்சு நிறுத்தலைன்னா அதுவே ஒருநாள் நின்னுடும். உனக்கு வசதியான நாளாப் பார்த்து நிக்காது." டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு என்னவோ அத்தை ஞாபகம்தான் வந்தது.

எங்க ஊர் வில்பட்டி. கொடைக்கானலில் இருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் பீன்ஸும் தெரியும், அதுதான். அங்கே என் அத்தை, அவங்க தம்பியான என் சித்தப்பாவை 19 வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். யாரோ பேசுவது போலக் காதில் குரல் கேட்கும், தன்னைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது என்று தோன்றும். மாத்திரை ஒழுங்காகப் போனால் பெரும்பாலும் அமைதியாக இருப்பார். அந்த 'ஒழுங்காக' என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னாடி ஒரு முழு ஆள் நிற்கிறார் என்பதை நான் காலேஜுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். ஹாஸ்டலில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் மூன்று வருஷம் சொல்லவில்லை. நோய் வந்தவரைப் பற்றிப் பேசவே நமக்கு இவ்வளவு தயக்கம் என்றால், அவரைப் பார்த்துக்கொள்கிறவர் பேச்சிலேயே வருவதில்லை. டாக்டர் ரிவ்யூவுக்குப் போனாலும் "அவர் தூங்குறாரா, சாப்பிடுறாரா" என்றுதான் கேள்வி. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற அத்தை தூங்கினாரா என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இப்போது கொஞ்சம் பாடம். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை முடிந்து வெளியே போனவர்களில், வாடகை அறையில் தங்கினவர்களை விடப் பெற்றோரோடோ மனைவியோடோ தங்கினவர்கள்தான் அதிகமாகத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வீட்டில் அன்பு கிடைக்கும், அதனால் நல்லா இருப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அவரும் அவருக்குப் பின் வந்த கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகியோரும் குடும்பத்தினரைப் பேசவைத்து, அவர்கள் பேசிய தொனியை அளந்தார்கள். மூன்று விஷயங்கள் முக்கியமாகத் தெரிந்தன: ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வது. 1976 வரை சேர்ந்த 128 பேரின் கணக்கில், இவை அதிகமாக இருந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் 51 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப முற்றியது. குறைவாக இருந்த வீடுகளில் 13 சதவீதம்தான். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு "அப்ப வீட்டுல இருக்கறவங்கதான் காரணம்" என்று கிளம்பிவிடாதீர்கள். நோயை அவர்கள் உண்டாக்கவில்லை. நான் புரிந்துகொண்டது வேறு: தொனி கெடுவது களைப்பின் அறிகுறி. ஒரு மனுஷி 19 வருஷம் லீவு இல்லாமல் வேலை பார்த்தால் குரலில் எரிச்சல் வராமல் வேறென்ன வரும்? அவர் கத்துகிறார், இவருக்குப் பதற்றம் ஏறுகிறது, இவர் பதற்றத்தைப் பார்த்து அவர் இன்னும் கத்துகிறார். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவனுக்குக்கூட இது பாசிட்டிவ் ஃபீட்பேக் என்று தெரியும். (நான் வைக்கவில்லை. நண்பனுக்காகச் சொல்கிறேன்.) ஆக, அத்தைக்கு ஓய்வு என்பது அத்தைக்கு மட்டும் செய்கிற உபகாரம் இல்லை, சித்தப்பாவின் சிகிச்சையில் ஒரு பகுதி.

1980களில் மருத்துவர் என்.என்.விக் குழுவினர் லண்டன்காரர்களோடு சேர்ந்து சண்டிகரில் இதே அளவையை வைத்துப் பார்த்தபோது, இந்தியக் குடும்பங்களில் அந்தக் கடுமை லண்டனை விடக் குறைவாக இருந்தது. கிராமத்து வீடுகளில் இன்னும் குறைவு. பெருமைப்படலாம், ஆனால் ரொம்ப வேண்டாம். அது அந்தக் காலத்துக் கணக்கு. சுமையைத் தோள் மாற்றப் பெரியப்பாவும் பாட்டியும் அங்கே இருந்திருப்பார்கள். இப்போது வில்பட்டியிலேயே பாதி வீடுகளில் பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் மிச்சம் ஒரு அத்தை.

குடும்பத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்ததில் நம் நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், இடம் போதாமல் வளாகத்திலேயே கூடாரம் போட்டுக் குடும்பத்தினரையும் உடன் தங்கவைத்தார். அதே காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் உறவினர் கூடவே தங்கும் முறை வந்தது. சென்னையில், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். அங்கேதான் 1998-ல் மருத்துவர் தாராவும் உடன் பணிபுரிந்தவர்களும், பராமரிப்பவரின் சுமையை அளக்க நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு ஏற்ற மாதிரி 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவை உருவாக்கினார்கள். சுமையை அளக்க ஒரு கருவி! இன்ஜினியரிங் படிக்கிற எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. அளக்க முடிகிறது என்றால் அது கற்பனை இல்லை.

அந்தக் கேள்வித்தாள் என்னிடம் இல்லை. போன தீபாவளி லீவில் நானே ஒரு கேள்வி கேட்டேன். "அத்த, கடைசியா எப்ப முழுசாத் தூங்குனீங்க?" பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "உங்க தாத்தா செத்தன்னைக்கு. எல்லாரும் வீட்டுல இருந்தாங்கள்ல."

சாவு வீட்டில்தான் அவருக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது.

ஏர்வாடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். "பெத்தவங்களே இப்படிக் கொண்டுபோய் விடுவாங்களா" என்று இன்றும் பேசுகிறோம். எனக்கு அந்தக் கேள்வி மேல் கோபம்தான் வருகிறது. அந்தக் குடும்பங்களில் எத்தனை பேர் ஊர் ஊராக அலைந்து, கையில் இருந்ததையும் உடம்பில் இருந்ததையும் செலவழித்துவிட்டு, வேறு வழி தெரியாமல் அங்கே வந்து நின்றிருப்பார்கள்? நடுவில் ஒரு வாரம் யாராவது அவர்களை மாற்றிவிட்டிருந்தால்?

சரி, நாம் என்ன செய்யலாம்? 'செல்ஃப் கேர்' என்று தேடினால் மெழுகுவர்த்தியும் ஃபேஸ் பேக்கும் வருகிறது. அத்தையிடம் சொன்னால் சிரிப்பார். அவருக்குத் தேவை மணிக்கணக்கு. அந்த 35 மணி நேரத்தை எப்படிக் குறைப்பது என்று பாருங்கள். எங்க வீட்டில் சித்தப்பா இப்போது காலையில் மூன்று மணி நேரம் பக்கத்துத் தோட்டத்தில் பூண்டு தரம் பிரிக்கப் போகிறார். கூலி கொஞ்சம்தான். ஆனால் வாரம் ஆறு நாள் போனால் 18 மணி நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தோட்டக்காரருக்கு விஷயம் தெரியும். சொல்ல அத்தைக்கு 19 வருஷம் ஆனது, அவர் "அதுக்கென்னம்மா" என்று முடித்துவிட்டார். எல்லோரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஊர் முழுக்கச் சொல்லவும் வேண்டாம். ஒருத்தர் போதும்.

தூரத்தில் இருக்கிற நமக்கும் வேலை இருக்கிறது. போன் பண்ணினால் "சித்தப்பா எப்படி இருக்கார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "நீங்க பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று ஆரம்பியுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது உதவி இல்லை, அது அவர் தலையில் இன்னொரு வேலை. ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது காகித வேலை. மனநோயும் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறன்களில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் அரசு உதவிகள் கேட்க வழி உண்டு. யூ.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அத்தைக்கு அந்தப் படிவம் மலை, நமக்கு அரை மணி நேரம். அதேபோல மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை இலவசம். உங்கள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். மே மாத சீசனில் கொடைக்கானல் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு போய், டாக்டர் இல்லை என்று திரும்பி வருவது எவ்வளவு பெரிய களைப்பு என்று எங்களுக்குத் தெரியும்.

பேச ஆள் வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நோய் வந்தவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, பார்த்துக்கொள்கிறவரும் கூப்பிடலாம். அத்தையை முதல் தடவை பேசவைக்க நான்தான் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். இருபது நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. ஒரே மாதிரி வீடுகளில் இருந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது இன்னொரு பலம். சென்னையில் குடும்பத்தினரே சேர்ந்து நடத்தும் ஆஷா இருக்கிறது. எங்கள் பக்கத்தவர்களுக்கு மதுரையில் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது.

கடைசியாக, எல்லா அத்தைகளையும் தூங்கவிடாத ஒரு கேள்வி: "எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?" 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 'நியமனப் பிரதிநிதி' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நோயுள்ளவரே, தெளிவாக இருக்கும்போது, தன் சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க இன்னார் வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். அந்த ஆளும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு வேலை சென்னையிலதான கெடச்சிருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பஸ் எத்தன மணி நேரம்?" சொன்னேன். பிறகு என் பெயரை எழுதினார், இனிஷியல் தப்பாக.

மறுநாள் அத்தை அவர் சிநேகிதியோடு பழனிக்குப் போனார். காலை ஆறு மணி பஸ். போகும்போது மாத்திரை டப்பாவை மூன்று தடவை காட்டினார். மதியம் நான் வைத்த சாம்பாரில் உப்பு இல்லை என்று சித்தப்பா சொன்னார், உண்மைதான். மூன்று மணிக்கு அத்தை போன் பண்ணி "அவன் என்ன பண்றான்" என்றார். தூங்குகிறார் என்றேன். "சரி, நாங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு கடைசி பஸ்ஸுக்கு வாறோம்" என்று வைத்துவிட்டார்.