தனியாக ஆற்றோரம் நடக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சிற்றாற்றங்கரையில் ஒரு பகல் முழுக்கத் தனியாக நடந்து, பார்த்ததை எழுதப் போவதாகச் சொல்லியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. தேனருவிக்கு ஏற வழி கேட்டிருக்கிறாய். அதை மட்டும் சொல்ல மாட்டேன். செண்பகாதேவி அருவியும் தேனருவியும் குற்றால மலையின் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன, வனத்துறையின் தடை இருக்கிறது. நீ மீறிப் போய் அழகாக எழுதிவிட்டால், அதைப் படித்துவிட்டு நாலு பேர் அதே வழுக்குப் பாறையில் ஏறுவார்கள்.

நீ கீழ்நோக்கி நட. குற்றாலப் பேரருவியில் குளித்துவிட்டுக் காரில் திரும்புகிறவர்கள் அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று பார்ப்பதே இல்லை. அது தென்காசியைத் தொட்டு, கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. குற்றாலத்திலிருந்து தென்காசி யானைப்பாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். நிதானமாகப் பார்த்தால் பகல் போதாது. அணைக்கட்டில் தண்ணீர் தேங்கி வாய்க்காலுக்குத் திரும்பும் இடத்தில் உட்கார். வயலில் நிற்பவரிடம் பேச்சுக் கொடு. ஆற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இனி பயப்பட வேண்டியதைச் சொல்கிறேன். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் திடீரென்று இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. சீசன் தொடங்காத மாதம் அது. மழை மலைமேல் பெய்தது. அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்தின் ஆன்டலோப் கேன்யனிலும் இப்படித்தான். 1997 ஆகஸ்ட் 12 அன்று, மழை எங்கோ பல மைல் தள்ளிப் பெய்ய, குறுகலான அந்தப் பாறைப் பள்ளத்துக்குள் நின்ற 11 பேர் இறந்தார்கள். அங்கே மழையைக் குடிக்க மண் இல்லை. நம் மலையில் காடு குடிக்கும்தான்; ஆனால் சரிவு செங்குத்து, மேலேயிருந்து கீழே வர ஓடைக்குத் தூரமும் அதிகமில்லை. ஊறிப்போன மண் அதற்கு மேல் எதையும் பிடித்துவைக்காது.

ஆகவே உன் தலைக்கு மேலுள்ள வானத்தை நம்பாதே, மேற்கே மலையைப் பார். மலை கறுத்திருந்தால் ஆற்றுக்குள் இறங்காதே. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் குளிக்க விடாது. கீழே உனக்கு அப்படி ஆர்ச் கிடையாது. விளிம்பில் ஒரு கல்லைக் குறித்துவைத்துக்கொள். அது முழுகினாலும், தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாய்க் கலங்கினாலும், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலும், சாமானை எடுக்க நிற்காமல் கரையேறு. கரையோர மரக்கிளைகளில் செத்தை சிக்கியிருக்கும். வைக்கோல், சேலைக் கிழிசல், ஷாம்பு பாக்கெட் எல்லாம் ஒரே சுருளாய்க் காய்ந்து தொங்கும். சில இடத்தில் உன் தலைக்கும் மேலே இருக்கும். போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. எழுத வேண்டியது அதுதான், அருவி எத்தனை அழகு என்பதை எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

முதல் தடவை ஆனி, ஆடிச் சாரலில் போ. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். பாசி படிந்த பாறையில் செருப்போடும் ஏறாதே, வெறுங்காலோடும் ஏறாதே, சுற்றிப் போ. எங்கே இறங்குகிறாய், எத்தனை மணிக்கு யானைப்பாலத்தில் இருப்பாய் என்று அம்மாவிடம் தாளில் எழுதிக் கொடு. அந்த நேரம் நெருங்கினால், எவ்வளவு நல்ல இடத்தில் நின்றாலும் சாலைக்கு ஏறி பஸ் பிடி. எழுதியதும் எனக்கு அனுப்பு. செத்தை பற்றிய பக்கத்தை முதலில் படிப்பேன்.

அன்புடன்,
அண்ணன்