ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு லென்ஸ் வாங்கப் போகிறீர்களா?

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாடிக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிடாதீர்கள். பாடி சீக்கிரம் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பல வருடம் உழைக்கும்.

உங்கள் பழைய கேமராவின் லென்ஸ் இதற்கு ஆகுமா என்று முதலில் பாருங்கள். சின்ன சென்சாருக்கான லென்ஸ்களில், கேனான் இஎஃப்-எஸ் மாட்டவே மாட்டாது. நிக்கான் டிஎக்ஸ் மாட்டும். ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும் பதிவாகி, 24 மெகாபிக்சல் பத்துச் சொச்சமாகக் குறையும்.

முதல் லென்ஸ் 50 மி.மீ. எஃப் 1.8 ஆக இருக்கட்டும். விலை குறைவு, எடை குறைவு, வீட்டு விளக்கொளியே போதும். லால்பாக் மலர்க் கண்காட்சிக்கும் இதுவே தாராளம். பன்னேர்கட்டா சஃபாரிதான் சோதனை. சின்ன சென்சாரில் 300 மி.மீ. காட்டிய நெருக்கம் வேண்டுமானால் ஃபுல் ஃப்ரேமில் சுமார் 450 மி.மீ. தேவை. அதை வாங்காதீர்கள், பெங்களூரில் வார இறுதிக்கு வாடகைக்கே கிடைக்கிறது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸைத் தயங்காமல் வாங்கலாம். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கண்ணாடிக்குள் சிலந்திவலை போல இழை தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நிக்கான் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள்ளேயே இருப்பதால், பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் தானாகவே ஃபோகஸ் ஆகும். பலர் கவனிக்காத லாபம் இது.

மழைக்காலத்தில் லென்ஸைத் துணிப் பைக்குள் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம்.