உலை வைக்காத விளக்கு வியாபாரி

இத்தாலியில் வெனிஸ் நகரை அடுத்துள்ள முரானோ தீவு கண்ணாடிக்குப் பேர்போனது. தீ விபத்துக்கு அஞ்சிய வெனிஸ் அரசு, 1291-இல் கண்ணாடி உலைகளை நகரிலிருந்து அங்கு மாற்றியது. குழலால் ஊதிக் கண்ணாடி செய்யும் தொழில் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

அதே தீவில் 1981-இல் ஃபோஸ்காரினி என்ற விளக்கு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது சொந்த உலை வைக்கவில்லை. கண்ணாடியை உலைக்காரர்களிடமும், உலோகப் பாகங்களை வேறு பட்டறைகளிலும் செய்து வாங்கியது. 1990-இல் ரொடோல்ஃபோ டோர்டோனி வடிவமைத்த 'லூமியேர்' விளக்கில், மேலே ஊதிய கண்ணாடி. கீழே மூன்று அலுமினியக் கால்கள்.

வாடிக்கையாளரின் விருப்பம் வியாபாரிக்குத் தெரியும். கைப்பக்குவம் தொழிலாளிக்குத் தெரியும். இருவரும் சேர்ந்தால்தான் சரக்கு. போலி நுழைந்தால் இருவருக்கும் நஷ்டம். எனவே 1994-இல் வெனெட்டோ மாநிலம் சட்டம் இயற்றி, முரானோ கலைக் கண்ணாடிக்குத் தனி முத்திரை வகுத்தது.

நமக்கு அப்பளம், ஊறுகாய் செய்து தருவோரும் இத்தகையோரே. விலையை அடித்துப் பேசி அவர்களை இழந்துவிட்டு, மட்டச் சரக்கை அதே பெயரில் விற்றால், அன்றைய லாபம் கல்லாவில் இருக்கும். வாடிக்கையாளர் அடுத்த கடையில் இருப்பார். நல்ல கைகளைக் காப்பதும் நமக்கு முதலீடே!