நாயின் தீனியைப் பூனை தின்றால்

நாயும் பூனையும் ஒரே முற்றத்தில் வளரும் வீடுகளில், நாய்க்கென வைத்த பிஸ்கற்றைப் பூனை தின்றுவிடுவதுண்டு. இதனால் தீங்கு வருமா? ஒரு தடவை தின்பது வேறு; நாள்தோறும் தின்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

1. ஒரு தடவை தின்றால்

சாதாரண நாய் பிஸ்கற் ஒன்றிரண்டு துண்டால் சுகமான பூனைக்கு ஆபத்தில்லை. சிலவேளை வாந்தியோ வயிற்றோட்டமோ ஏற்பட்டு விரைவில் மாறிவிடும். குடிக்கத் தண்ணீர் வைத்துக் கவனித்து வாருங்கள்.

ஆனால் தீனியில் என்ன சேர்ந்திருந்தது என்று பாருங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். நாயை விடப் பூனையையே இவை கூடுதலாகத் தாக்கும். மென்மையான சில நாய்த் தீனிகள் காய்ந்து போகாதிருக்கச் சேர்க்கும் புறொப்பிலீன் கிளைக்கோலும் பூனையின் செங்குருதிக் கலங்களுக்குக் கேடானது. அமெரிக்காவில் 1996 இல் பூனை உணவில் இதைச் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது.

சோர்வு, முரசு வெளிறுதல், சிறுநீர் கடுஞ்சிவப்பாதல் என்பன சில நாட்கள் கழித்தும் தோன்றலாம். உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். பரசிற்றமோல் கொடுக்கவே வேண்டாம். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

2. நாள்தோறும் தின்றால்

நாயின் பிஸ்கற்றையும் சோற்றையுமே நம்பி வாழும் பூனைக்கு மெல்ல மெல்லத் தீங்கு வரும். டோரின் என்னும் சத்தை நாயின் உடல் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு ஆக்க முடியாது; இறைச்சி, மீன் மூலமே அதைப் பெறவேண்டும். டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பதை 1975 இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். இதயத் தசையும் நலிவடையும் என்பதை 1987 இல் கலிபோர்னியாவில் போல் பயன் என்னும் கால்நடை வைத்தியரும் அவரது குழுவினரும் காட்டினர். காலத்தோடு டோரின் கொடுத்தால் இதயம் தேறலாம்; இழந்த பார்வை திரும்பாது. பார்வையற்ற பூனை நெல் மூட்டையை எலியிடமிருந்து காப்பது எப்படி?

3. நாம் செய்யக்கூடியவை

* பூனையின் உணவை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நாய் தின்று முடித்ததும் அதன் தட்டை எடுத்துவிடுங்கள்.
* எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு அதிலிருந்தே டோரின் கிடைக்கும். வீட்டினுள் அடைத்து வளர்க்கும் பூனை, சினைப் பூனை, குட்டிகள் ஆகியவற்றிலேயே கூடுதல் கவனம் தேவை.
* மீனையோ கோழி ஈரலையும் இதயத்தையுமோ உப்பு, வெங்காயம் சேர்க்காமல் அவித்து, முள் நீக்கிக் கொடுங்கள். டோரின் நீரில் கரைவதால் அவித்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் வீட்டுப் பூனை ஒரு கிழமையில் எத்தனை நாள் மீனோ இறைச்சியோ தின்கிறது?
2. நாய்க்கு வைக்கும் உணவில் வெங்காயமும் உள்ளியும் சேர்கின்றனவா?