வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்
(டிவியில் ஒலியும் காட்சியும் பொருந்தாமல் போனால் சரிசெய்யும் முறைகள்)

பாண்டுப்பில் நம்மவர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் டிவிக்கு ஓய்வு கிடையாது. ஊரிலிருந்து வந்த கல்யாண வீடியோ, சங்கத்தின் பொங்கல் விழா, பழைய கேசட்டிலிருந்து மாற்றிய கோயில் கொடை என்று எதையாவது பென்டிரைவில் ஏற்றி டிவியில் செருகிவிடுகிறோம். படம் தெளிவாக வரும், சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் பேசுகிறவர் வாயை மூடிய பிறகு பேச்சு வரும், அல்லது நாதஸ்வரத்தை வாயில் வைக்கும் முன்பே இசை கேட்கும். சங்க நிகழ்ச்சிகளில் டிவி, ஸ்பீக்கர் வேலைகளைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறவன் என்ற முறையில், இந்தக் கோளாறைப் பற்றி அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

இது சின்ன விஷயம்தானே?

இல்லை. காது மந்தமான பெரியவர்கள் பாதிப் பேச்சைக் காதாலும் மீதிப் பேச்சை எதிராளியின் உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் உள்ள ஆச்சி ஒருவர், பேத்தியின் நிச்சயதார்த்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "அவுக வாய் மூடுன பொறவுல்லா பேச்சு வருது, எனக்கு ஒண்ணும் வெளங்கலியே ஐயா" என்றார். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அவருக்குப் பயனில்லை. ஒலியைச் சற்று முன்னே நகர்த்திக் கொடுத்ததும் வால்யூமைக் கூட்டாமலே புரிந்துகொண்டார்.

அடுத்தது, தமிழ் வகுப்புக்கு வரும் நம் குழந்தைகள். வீட்டில் தமிழ், தெருவில் மராட்டி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் இவர்கள் எழுத்தொலிகளைக் காதால் மட்டுமல்ல, கண்ணாலும் கற்கிறார்கள். ப, ம இரண்டும் உதடுகள் கூடுவதால் பிறப்பவை, வ மேற்பல்லும் கீழுதடும் பொருந்துவதால் பிறப்பது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்திருக்கிறார். பதிவு செய்த பாடத்தை டிவியில் போடும்போது ஆசிரியரின் உதடு ஒன்று சொல்லி, காதில் வேறொன்று விழுந்தால் குழந்தை எதை நம்பும்?

இது வெறும் ஊகமன்று. 1976-இல் மக்கர்க், மக்டொனால்டு என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 'பா' என்ற ஒலியை, 'கா' என்று அசையும் வாயின் காட்சியோடு சேர்த்துக் காட்டியபோது பலருக்கு 'டா' என்ற மூன்றாவது ஒலி கேட்டது. கண் பார்ப்பது காது கேட்பதையே மாற்றிவிடுகிறது.

எவ்வளவு பிசகினால் தெரியும்?

ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி செகண்ட். ஒலி காட்சியை முந்தினால் சுமார் 45 மில்லி செகண்டிலேயே பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும், பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது.

இந்த வேறுபாடு இயற்கையோடு ஒத்துப்போவது. ஒளியைவிட ஒலி மெதுவாகச் செல்கிறது. நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். மைதானத்தின் மறுகோடியில் பையன் பந்தை அடிப்பது முதலில் தெரிகிறது, 'டக்' என்ற சத்தம் பிறகு வருகிறது. மின்னலுக்குப் பின்தான் இடி. ஆகவே பிந்தி வரும் ஒலியை மனம் பொறுத்துக்கொள்கிறது. முந்தி வரும் ஒலி உலகில் இல்லாத ஒன்று என்பதால் உடனே உறுத்துகிறது.

சினிமா செய்த ஏற்பாடு

இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று நம் மும்பை கிர்காவிலிருந்த மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானது. அதைத் தயாரித்த இம்பீரியல் கம்பெனிதான் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதா'ஸையும் எடுத்தது. அது அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. பேசும் படத்தின் பிலிமில் காட்சியின் ஓரத்திலேயே ஒலிக்கோடும் இருக்கும். புரொஜக்டரில் காட்சி விழும் இடமும் ஒலி படிக்கும் இடமும் வேறு வேறு என்பதால், 35 மி.மீ. பிலிமில் ஒலியைச் சுமார் 20 படங்கள் தள்ளிப் பதித்தார்கள். ஆபரேட்டர் பிலிமைச் சரியான வளைவில் மாட்டினால் இரண்டும் பொருந்தும். ஒரே பிலிமில் ஒட்டியிருப்பதால் நடுவில் பிரிய வழியில்லை.

இன்றைய ஃபைல் அப்படியல்ல. அது ஒரு டிபன் கேரியர் மாதிரி. காட்சி ஒரு தட்டு, ஒலி இன்னொரு தட்டு. ஒவ்வொரு துண்டிலும் 'இத்தனையாவது நொடியில் என்னைப் போடு' என்ற நேரக்குறிப்பு இருக்கும். டிவி இரண்டையும் தனித்தனியே பிரித்து, நேரம் பார்த்துச் சேர்க்க வேண்டும். குறிப்பு தவறாக இருந்தாலும், சேர்க்கும் வேலை தாமதமானாலும் பேச்சும் வாயும் பிரிந்துவிடும்.

முதலில் நோயறிதல்

மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும். பலர் இதைச் செய்யாமல் செட்டிங்கை மாற்றி மாற்றிச் சோர்ந்து போகிறார்கள். வீடியோவில் யாராவது 'அம்மா' அல்லது 'அப்பா' என்று சொல்லும் இடத்தைத் தேடுங்கள். உதடுகள் மூடித் திறக்கும் அந்தக் கணம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கைத்தட்டல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஷூட்டிங்கில் கிளாப் அடிப்பதும் இதற்காகத்தான். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு முறை, முடிவுக்குச் சற்று முன் ஒரு முறை பாருங்கள். விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்:

1. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு இடைவெளி.
2. போகப்போக இடைவெளி வளர்கிறது.
3. சில நேரம் சரி, சில நேரம் பிசகு.

ஒரே அளவு இடைவெளி

அதே ஃபைலைக் கம்ப்யூட்டரிலோ போனிலோ அதன் சொந்த ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் ஃபைல் குற்றமற்றது; குறை டிவி இணைப்பில் இருக்கிறது.

புளூடூத் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன் என்றால் ஒலி பிந்தும். ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபடி விரிப்பதற்கு நேரமாகிறது. வயர் இணைப்புக்கு மாறுவதே நல்ல தீர்வு. சவுண்டுபார் வயரில் இருந்தும் ஒலி முந்துகிறது என்றால், டிவி காட்சியை மெருகேற்றுவதற்காகப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். சவுண்டுபாரிலோ டிவியின் ஒலி மெனுவிலோ 'ஆடியோ டிலே', 'லிப் சிங்க்', 'ஏ.வி. சிங்க்' என்ற பெயர்களில் ஒன்று இருக்கும். அதைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காட்சியில் 'கேம் மோடு' வைத்தாலும் மெருகு வேலை குறைந்து காட்சி விரைவாக வரும்.

இங்கே ஒன்றை மனதில் கொள்ளுங்கள். முந்தி வரும் ஒலியைத் தாமதப்படுத்துவது எளிது. பிந்தி வரும் ஒலியை டிவியால் விரைவுபடுத்த முடியாது, காட்சியைத்தான் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வசதி எல்லா டிவியிலும் இராது. ஆகவே ஒலி பிந்தினால், 'ஆடியோ டிலே'யைக் கூட்டுவது நோயை வளர்ப்பதாகும்.

கம்ப்யூட்டரிலும் அதே பிசகு இருந்தால் ஃபைலில்தான் குறை. இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயரில் போட்டு, கீபோர்டில் 'கே' விசையைத் தட்டினால் ஒலி 50 மில்லி செகண்ட் பிந்தும். 'ஜே' தட்டினால் அதே அளவு முந்தும். 'அம்மா' பொருந்தும்வரை தட்டி, திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வி.எல்.சி. செய்யும் திருத்தம் அந்தக் காட்சியோடு சரி, ஃபைலில் பதியாது. நிரந்தரமாக மாற்ற எம்.கே.வி. டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒலித்தடத்தைத் தேர்ந்து, 'டிலே' கட்டத்தில் அதே எண்ணை இடுங்கள். ஒலி முந்த வேண்டுமானால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி. தரம் குறையாமல் சில நிமிடங்களில் புதிய ஃபைல் கிடைத்துவிடும்.

வளரும் இடைவெளி

இதற்கு டிலே மருந்தாகாது. தொடக்கத்தைச் சரிசெய்தால் முடிவு கெடும். காரணம், காட்சியும் ஒலியும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. சினிமா நொடிக்கு 24 படம். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறை 25. அமெரிக்க முறைக்காக மாற்றிய படங்கள் பலவற்றில் 23.976. இந்த 23.976-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் அது 3.6 நொடி ஆகிவிடும்! கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது காட்சியை ஒரு கருவியும் ஒலியை மற்றொரு கருவியும் பிடித்தால், இரண்டின் கடிகாரமும் சற்றே வேறுபட்டு இதே நோய் வரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தொடக்கத்தில் பொருத்தம் சரி. காட்சியில் 3600-ஆவது நொடியில் தெரியும் கைத்தட்டலின் ஒலி 3602-ஆவது நொடியில் கேட்கிறது. அப்படியானால் காட்சியை 3602/3600 மடங்கு நீட்ட வேண்டும். டூல்நிக்ஸில் காட்சித்தடத்தைத் தேர்ந்து, 'ஸ்ட்ரெட்ச் பை' கட்டத்தில் இந்தப் பின்னத்தை அப்படியே இடலாம். ஒலித்தடத்தில் இதைச் செய்ய வேண்டாம், ஒலி கெடும்.

போனில் எடுத்த வீடியோவில் வெளிச்சத்துக்கேற்பப் படங்களின் எண்ணிக்கை கூடிக் குறைவதுண்டு. அதை எடிட் செய்தால் பிசகு வளரும். எடிட் செய்யும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்' தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வந்து வந்து போகும் பிசகு

பத்து நொடி பின்னே தள்ளியதும் சரியாகிவிட்டால், டிவியால் அந்தப் பாரத்தைச் சுமக்க முடியவில்லை என்று அறியலாம். பென்டிரைவ் மெதுவானதாகவோ, ஃபைல் டிவியின் சக்திக்கு மீறியதாகவோ இருக்கும். வேறு பென்டிரைவில் முயலுங்கள். அதிலும் அப்படியே என்றால் ஹேண்ட்பிரேக்கில் எச்.264 முறையில் 1080 அல்லது 720 அளவுக்கு மாற்றுங்கள். பழைய டிவிகளும் இதைச் சிரமமின்றி ஓட்டும்.

கேசட் வைத்திருப்போர் கவனத்திற்கு

மேலே சொன்ன நோய்கள் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. ஆனால் பதிவின்போதே ஆங்காங்கே படங்கள் விடுபட்டுப் போன ஃபைலை முழுவதும் சரிசெய்வது மிகக் கடினம். கேசட்டிலிருந்து மறுபடி எடுப்பதே வழி. வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசிக் கம்பெனியான ஃபுனாயும் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய கருவிகளை நம்பித்தான் நம் கேசட்டுகள் இருக்கின்றன. ஆகவே கடையில் கொடுத்து மாற்றினால், கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைலின் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், நடுவையும் முடிவையும் 'அம்மா' சோதனை செய்யுங்கள். பொருத்தம் உறுதியாகும்வரை கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் பேசும் தாத்தாவை மீண்டும் பேசச் சொல்லிப் பதிவு செய்ய முடியாதல்லவா?

இனிமேல் எடுக்கும் வீடியோக்களுக்கு ஒரு வேண்டுகோள். கேமராவுக்கு முன் ஒருவர் நின்று தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை பளிச்சென்று கைதட்டட்டும். இரண்டு நொடி வேலைதான். பின்னாளில் எந்தப் பிசகு வந்தாலும் அளந்து பார்க்க அந்த இரண்டு தட்டல்களே அளவுகோலாக இருக்கும். தமிழ் வகுப்புக்குப் பாடம் பதிவு செய்யும் ஆசிரியர்கள் இதை வழக்கமாக்கிக்கொண்டால், நம் பிள்ளைகள் ஆசிரியரின் உதட்டையும் நம்பலாம், ஒலியையும் நம்பலாம்.