பௌர்ணமிக்கு முந்தின வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆம்பூர்ப் பக்கம் நரிக்குறவர் குடியிருப்புக்குக் காசநோய்ச் சோதனைக்காகச் சளி டப்பாவோடு போனால் பாதிப் பேர் ஊரில் இல்லை என்று எழுதியிருந்தாய். இருக்க மாட்டார்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, லீவு நாளில் ஸ்ரீபுரம் கோயில். பாசிமணி விற்கிற இடத்தில்தான் ஆள் இருப்பார். இருமல் உண்டா என்று கேட்பதற்கு முன் அடுத்த இரண்டு மாதம் எங்கெங்கே கடை போடுகிறார்கள் என்று கேள். பையில் ஒரு பஞ்சாங்கம் வைத்துக்கொள். மாத்திரை பௌர்ணமிக்கு முந்தின வாரமே கைக்குப் போய்விட வேண்டும்.

இன்னொரு சிக்கல் நாமே உண்டாக்கியது. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது, மேல்விஷாரம் ராணிப்பேட்டையில் சேர்ந்தது. அவர்களுக்கு எல்லாம் ஒரே பாலாற்றுப் பக்கம்தான், நமக்கு மூன்று மாவட்டம். காசநோயாளிக்குத் தரும் நிக்‌ஷய் எண் இந்தியா முழுக்கச் செல்லும், ஆந்திரா எல்லை தாண்டிக் குப்பத்திலும் செல்லும். ஆனால் கணினியில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதே. அந்த ஊர் ஊழியரைப் போனில் கூப்பிட்டு, இன்னார் இன்ன கோயில் வாசலில் இருப்பார் என்று சொல்.

இரண்டு வாரம் இருமலா என்ற கேள்வியை மட்டும் நம்பாதே. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களே இருமலைத் தூசி மேல் போட்டுவிடுவார்கள். 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டவர்களில் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரே மட்டும் இல்லையென்றால் தப்பிப் போயிருப்பார்கள். கையடக்க எக்ஸ்ரே கருவியைக் கேட்டு வாங்கு. வியாபாரம் முடிந்து திரும்புகிற சாயங்காலத்தில் கொண்டுபோ. காலை பத்து மணி முகாம் நம் வசதிக்குத்தான்.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வைப் படித்திருப்பாய். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். 1959இல் வந்த அந்த முடிவு உலகத்தையே மாற்றியது. ஆனால் அதற்குத் தட்டிப் பார்க்க ஒரு கதவு வேண்டியிருந்தது. 1976இல் கென்யாவின் வஜீரில் அன்னலேனா டொனெல்லி என்ற இத்தாலியப் பெண் சோமாலி நாடோடிகளைச் சிகிச்சை மையத்தின் அருகிலேயே குடிசை போட்டுத் தங்கவைத்து மருந்து கொடுத்தார். அருமையான வேலை. ஆனால் இங்கே கூடாரத்தை ஆறு மாதம் நிறுத்தச் சொன்னால் அடுப்பு அணைந்துவிடும். நான்கு மருந்து கொடுக்கும் முதல் இரண்டு மாதம் மட்டும் தூரம் போகாமலிருக்கப் பேசிப்பார். பிறகு மருந்து அவர்களோடு பயணப்படட்டும்.

மாத்திரையைப் பார்த்துக்கொள்ள வெளியாளைப் போடாதே. மணி கோத்து, காசு முடிந்து வைத்திருக்கும் பாட்டி ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார். அவரிடம் கொடு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடு. இல்லையென்றால் ரத்தம் என்று பயந்து மாத்திரையை வீசிவிடுவார்கள். குடிக்கிறவருக்கு உபதேசம் வேண்டாம், அதற்காக மருந்தை மறுக்கவும் வேண்டாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடச் சொல்.

2024 நவம்பரிலிருந்து நோயாளியின் ஊட்டச்சத்துக்கு அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் அது நின்றுவிடும். கூடவே போய்த் திறந்து கொடு.

கடைசியாக, காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் சொன்னபடி எடை, உயரம், கால்வீக்கம், மூச்சு, ஆக்சிஜன், எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று முதல் நாளே பார். உடல்நிலை மோசமானவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குடும்பமே வந்து அங்கே மரத்தடியில் உட்காரும். வாட்ச்மேன் விரட்டினால் நோயாளியும் எழுந்து போய்விடுவார். வாட்ச்மேனிடமும் வார்டு சிஸ்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவை.

அன்புடன்,
அண்ணன்